ஆறாவது குரல்

இசையமைப்பாளர் ‘இசைத்தேன்’ ரதிநாதன் காரை விட்டு இறங்க நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். காலில் ஒரு கோளாறும் இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெரம்பூரில் அந்தச் சந்தில் காலை பத்து மணிக்கு யார் பார்ப்பார்கள்? ஒரு மீன்காரம்மா கூடையோடு போனாள். அவளும் காரைத்தான் முறைத்தாள், வழியை அடைத்துக்கொண்டு நின்றதால்.

பட்டறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எஸ்தர் நவமணி, கையிலிருந்த சால்டரிங் அயனைத் தாங்கியில் வைத்தாள். அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு இந்த உலகத்தில் மதிக்கத் தக்க மனிதர்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கைவிரல்களுக்கு மேல் வராது. அந்தக் கணக்கில் இப்போது இறங்கி வந்துகொண்டிருந்த ஆள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பின்னாலேயே இரண்டு பேர் ஒரு பெரிய பொருளைப் பட்டுச் சால்வை போர்த்தித் தூக்கி வந்தார்கள். சால்வையை விலக்கியதும் எஸ்தர் அதை அடையாளம் கண்டுகொண்டாள். 1982இல் ஜப்பான்காரன் செய்த எட்டுக் குரல் சிந்தசைசர் கீபோர்டு. ஒருகாலத்தில் பதினோரு வருஷம், வாரம் ஒருமுறை, ரதிநாதனின் ஸ்டூடியோவுக்குப் போய் அவள் சுருதி சேர்த்துக் கொடுத்த இயந்திரம். முப்பது வருஷ ஆயுத பூஜை முழுக்க அதன் குமிழ்களுக்குள் இறங்கியிருந்தது. சந்தனம் காய்ந்து பாறையாகிக் கிடந்தது. குங்குமம் போக, நடுவில் யாரோ தேங்காய்த் தண்ணீர் வேறு தெளித்திருக்கிறார்கள்.

"சாமி கும்பிட்டிருக்கீங்க," என்றாள் எஸ்தர்.

"தெய்வம்மா இது," என்றார் ரதிநாதன். எழுபது வயதுத் தலைக்கு அடித்திருந்த கறுப்பு காதோரம் வழிந்திருந்தது. "என் ‘ஈரக்குடை’ பாட்டு பிறந்தது இதுலதான். உங்களைப் பத்தி எல்லாரும் சொன்னாங்க. இந்த மாதிரி பழசைத் திறக்கத் தெரிஞ்சவங்க இப்ப நீங்க ஒருத்தர்தானாம். உங்க பேரு?"

பதினோரு வருஷம். வாரம் ஒருமுறை. இந்த ஆள் ஸ்டூடியோவில் அவளைத் தாண்டிக்கொண்டு போய்க் காப்பி குடித்தவர். எஸ்தர் தன் பெயரைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பழைய ஆள் என்று நினைவு வந்திருந்தால் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டார். மறதியிலும் ஒரு கொழுப்பு இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"என்ன பண்ணணும்?"

"மனிதக்கை வாரியம் தெரியுமில்ல?"

தெரியாதவர் யார்? இந்த 2059இல் பாட்டு என்பது குழாயில் வரும் தண்ணீர். மனசு சரியில்லை என்று வீட்டுச் சுவரிடம் சொன்னால் போதும், அதற்கென்று ஒரு பாட்டைச் சுவரே அந்த நிமிஷத்தில் செய்து பாடிவிடும். அப்படி வந்த பாட்டுகளில் ஆயிரக்கணக்கானவற்றை வெட்கமில்லாத பயல்கள் தங்கள் பெயரில் போட்டுக்கொண்டார்கள். பிறகு எது மனிதன் செய்தது, எது சுவர் செய்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காகிதம் பொய் சொன்னது, படம் பொய் சொன்னது, வீடியோ எல்லாவற்றையும் விட அழகாகப் பொய் சொன்னது. கடைசியில் அரசாங்கம் ஒரு வாரியம் வைத்து, வாத்தியமே சாட்சி சொல்லட்டும் என்று சட்டம் போட்டது. கை பட்டு வாசித்த பாட்டென்றால் வாத்தியம் தேய்ந்திருக்கும் அல்லவா? அந்தத் தேய்மானத்தைப் படித்து, யார் கை என்று வாரியம் சொல்லும். நிரூபிக்காத பாட்டுகள் எல்லாம் பெயர் நீக்கிப் பொதுத் தொட்டிக்குப் போகும். வரும் மார்ச் கடைசிதான் கெடு.

"ஓடற மாதிரி சரி பண்ணணும். அது ஒண்ணு," என்றார் ரதிநாதன். பிறகு கூட வந்த இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு, இதை எனக்கேத்த மாதிரி கொஞ்சம் மாத்தணும். இந்தக் கட்டைகளுக்கு அடியில ரப்பர் இருக்காமே, அதுலதான் கை பதியுமாம். பழைய ரப்பரை எடுத்துடுங்க. புதுசு போட்டு, நான் வந்து வாசிச்சுத் தேய்ச்சுத் தர்றேன். சீக்கிரம் தேயறதுக்கு ஏதோ தூள் இருக்குன்னு சொன்னாங்க."

"பழைய ரப்பர்ல என்ன குறை?"

"அந்தக் காலத்துல ஸ்டூடியோவுல கண்டவனும் கை வச்சிருப்பான்மா. டைட்டஸ்னு ஒரு கீபோர்டுக்காரன் இருந்தான். ஞாபகம்கூட இல்ல எனக்கு."

ஞாபகம் இல்லாதவன் பெயர் எப்படி வாயில் வந்தது? எஸ்தர் கேட்கவில்லை. டைட்டஸ் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். அந்த நிமிஷத்தில் அடுத்த அறையில் உட்கார்ந்து வஞ்சிரம் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார்.

"பண்ணிடலாம் சார்," என்றாள்.

"ரொம்ப சந்தோஷம். அப்புறம் ஒண்ணு. ‘ஈரக்குடை’யில ஆறாவது சுரம் ஒரு அழுகை அழும் பாருங்க, லேசா இறங்கி. ஊரே அதுக்குத்தான் மயங்குச்சு. அதை மட்டும் தொட்டுடாதீங்க. அது நான் யோசிச்சு யோசிச்சுப் போட்டது."

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. இந்த இயந்திரத்துக்குள் ஒரு குரலுக்கு ஒரு மின்சுற்று அட்டையாக எட்டு அட்டைகள். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் அடுத்த அட்டை பேசும். எட்டு முடிந்தால் மறுபடி ஒன்று. அதில் ஆறாவது அட்டையில் சூடு பட்டால் சோர்ந்துபோகிற ஒரு பாகம் இருந்தது. அரிசி அளவு. மாற்றுப் பாகம் கிடைக்காமல் பதினோரு வருஷம் அவள் தலையைப் பிய்த்துக்கொண்ட பழுது. அதைத்தான் இந்த மகானுபாவர் யோசித்து யோசித்துப் போட்டாராம்.

கார் கிளம்பிய சத்தம் அடங்கியதும் டைட்டஸ் மசாலாக் கையோடு வாசலில் வந்து நின்றார். சிந்தசைசரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. டைட்டஸ் எப்போதுமே ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் எஸ்தருக்கு அவர்மேல் இருந்த தீராத எரிச்சல்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ‘ஈரக்குடை’ வந்தது. வந்த வாரமே பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் அது, கல்யாண மண்டபத்தில் அது, பல் பிடுங்குகிற இடத்தில்கூட அதுதான். எஸ்தருக்குப் பாட்டென்றாலே ஆகாது. அவளுக்குப் பிடித்தது சத்தம். சுத்தமான, சுருதி நிற்கிற சத்தம். பாட்டு கேட்பவர்களை அவள் ஒருவகை நோயாளிகளாகவே வைத்திருந்தாள். முதல் தடவை வீட்டு ரேடியோவில் ‘ஈரக்குடை’ ஆரம்பித்தபோது, "இதெல்லாம் ஒரு பாட்டு" என்று ஜன்னல் வழியே காறித் துப்பிவிட்டு அணைத்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு தடவைகூட அதை முழுசாகக் கேட்டதில்லை.

ஆனால் ஸ்டூடியோவில் லைட் பாய் சொன்னான், அந்த டியூனை முதலில் வாசித்தது டைட்டஸ் அண்ணன்தான், ரதிநாதன் சார் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து "இதை வச்சுக்கோ, இதை வச்சுக்கோ" என்றார் என்று. எஸ்தருக்கு அது போதும். பாட்டு குப்பையாகவே இருக்கட்டும்; அண்ணன் செய்த குப்பையில் இன்னொருத்தன் பெயர் எப்படி வரலாம்? வெற்றி விழாவுக்கு நேரே போனாள். ரதிநாதன் மாலையும் கழுத்துமாக மேடையில் நிற்க, கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். நான்கு பேர் அவளை இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். மேடையில் இருந்தவருக்கு யாரோ ஒரு பொம்பளை டைட்டஸ் சார்பில் தகராறு செய்தாள் என்ற சேதி மட்டும் போயிற்று. மறுநாள் டைட்டஸுக்கு ஸ்டூடியோ கதவு திறக்கவில்லை. வேறெந்த ஸ்டூடியோ கதவும் பிறகு திறக்கவில்லை. எஸ்தரும் அதற்குப் பிறகு சுருதி சேர்க்க அந்தப் பக்கம் போகவில்லை.

அன்றைக்கு டைட்டஸ் சொன்னது ஒரே வார்த்தை. "அது என் டியூன் இல்ல எஸ்தரு."

அதை அவள் மன்னிக்கவே இல்லை. திருடியவனைக்கூட ஒருவகையில் மன்னிக்கலாம். தன் பொருளைத் தன்னுடையது என்று சொல்ல வாய் வராத கோழையை என்ன செய்வது? அந்தக் கோழை முப்பது வருஷமாகக் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டு, அவளுக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. நன்றாகவே வைத்தது. அதுவும் ஒரு எரிச்சல்.

"உன் பேர்ல வாரியத்துக்கு ஆட்சேப மனு போட்டுட்டேன்," என்றாள் மத்தியானச் சாப்பாட்டின்போது. "அந்த ஆள் புது ரப்பர்ல கையைத் தேய்ச்சுக்கட்டும். அந்த ரப்பர் நம்ம அலமாரியில தூங்கும். வாரியத்துக்குப் போறது பழைய ரப்பர். உன் கை அதுல இருக்கு."

டைட்டஸ் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "அது என் டியூன் இல்ல."

"சாப்பிடு. வேற எதுக்கும் நீ வாயைத் திறக்க வேண்டாம்."

வேலை ஐந்து வாரம் பிடித்தது. முதலில் ரப்பர் பட்டைகளைக் கழற்றி, துடைக்காமல், ஊதக்கூடச் செய்யாமல், ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து மூடினாள். தூசியும் சாட்சிதான். பிறகு பல் குத்தும் குச்சியால் சந்தனத்தைத் தோண்டினாள். ஒரு குமிழுக்கு அரைநாள் ஆனது. பக்தியைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டே தோண்டினாள். மின்சாரப் பகுதியில் ஊதிப் பெருத்துக் கிடந்த மின்தேக்கிகளை மாற்றினாள். ஒன்பதாம் நாள் விசையைத் தட்டினாள். முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. யாரும் பார்க்காததால் அனுமதித்தாள்.

சுருதி சேர்ப்பதில் எஸ்தருக்கென்று ஒரு முறை உண்டு. எட்டு அட்டைக்கும் எட்டுக் கட்டை. ஒவ்வொன்றாக அழுத்தி, அடுத்தடுத்த குரல் பேசப் பேசக் கேட்பாள். எந்தக் கட்டைகள் என்று யோசிப்பதில்லை. முதல் நாள் விரல் எங்கெங்கே போயிற்றோ அங்கேதான் இன்றுவரை போகிறது. ஒரு கட்டைக்கு மூன்று நான்கு விநாடி. காது சுரத்தில் இருக்காது, சுரம் நிற்கிறதா நடுங்குகிறதா என்பதில் இருக்கும். டிரைவர் வண்டிச் சத்தத்தைக் கேட்பது மாதிரிதான்.

அவள் அழுத்திக்கொண்டிருக்கையில் காஸ் சிலிண்டர் போட வந்தவன் வாசலில் நின்று ‘ஈரக்குடை’யை முணுமுணுத்தான். எஸ்தர் திரும்பினாள்.

"வாயை மூடிட்டு சிலிண்டரை வை."

இது புதிதில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி. கூரியர்க்காரன், குழாய் ரிப்பேர்க்காரன், ஒருமுறை சர்ச் பாஸ்டர்கூட. அவள் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பான், அந்தச் சனியன் பிடித்த பாட்டை முனகுவான். ஊரையே கெடுத்து வைத்திருக்கிறான் ரதிநாதன் என்று ஒவ்வொரு முறையும் அவள் வெறுப்பு ஒரு சுற்றுப் பெருத்தது. டைட்டஸ் மட்டும் முனக மாட்டார். அவள் முதல் கட்டையைத் தொட்டதுமே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். பாவம், பழைய வேலையின் நினைப்பு என்று எஸ்தர் எண்ணிக்கொள்வாள்.

ஆறாவது அட்டை பழையபடியே இறங்கியது. ஒரு விநாடி நின்று, பிறகு மூக்கை உறிஞ்சுகிறாற்போல் லேசாகக் கீழே. முன்பு கிடைக்காத மாற்றுப் பாகம் இப்போது அவளிடம் இருந்தது. கோலாரிலிருந்து வந்த ஒரு செத்த இயந்திரத்தின் வயிற்றிலிருந்து எடுத்தது. ரதிநாதன் தொட வேண்டாம் என்று சொன்னதாலேயே அதை மாற்ற அவளுக்குக் கை துறுதுறுத்தது. அவருடைய அழுகையாம். யோசித்துப் போட்டாராம். பழைய பாகத்தைப் பிடுங்கினாள், புதியதைப் பற்ற வைத்தாள், எட்டுக் கட்டையையும் அழுத்தினாள். ஆறாவது குரல் கம்பு மாதிரி நேராக நின்றது. திரும்பக் கேட்டு வந்து நச்சரித்துவிடப் போகிறார் என்று பழைய பாகத்தைக் குறட்டில் வைத்து நசுக்கிக் குப்பையில் போட்டாள். அதைச் செய்யும்போது அவளுக்கு இருந்த சுகத்தை மறைப்பானேன், நல்ல சுகம்.

பிறகு புது ரப்பர் போட்டு, ரதிநாதன் தேய்க்க வந்தார். பத்து நாள், காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை. தன் பாட்டின் முதல் வரியை அவரால் தப்பில்லாமல் வாசிக்க முடியவில்லை. நாலாவதில் தடுக்குவார், "குளிர்ல விரல் மரத்துப்போச்சு" என்பார். ஏப்ரல் நெருங்குகிற சென்னையில் குளிர். எஸ்தர் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேறு வேலை பார்த்தாள்.

கடைசி நாள் சுருதி சரியாக இருக்கிறதா என்று அவள் ஒருமுறை எட்டுக் கட்டையைத் தட்டினாள். ரதிநாதன் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"பாருங்க, உங்க கைகூட என் பாட்டைத்தான் வாசிக்குது."

"எட்டுக் கட்டையைத் தட்டினா உங்க பாட்டா சார்? அப்ப கதவைத் தட்டினா?"

"கதவும் பாடும்மா," என்றார் அவர் பெருந்தன்மையாக. "ஆமா, ஆறாவது கொஞ்சம் வேற மாதிரி கேக்குதே."

"ஏசியில அப்படித்தான் கேக்கும்," என்றாள் எஸ்தர். பட்டறையில் ஏசி கிடையாது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வாரியம் எழும்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. விசாரணைக்கு டைட்டஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் டிபன் டப்பாவோடு வந்தார். மனு அவர் பெயரில் இருந்தாலும் அவர் வந்தது அதற்காக இல்லையாம். "நீ தனியா போகவேணாம்னுதான்," என்றார். இன்று சாயங்காலம் இவர் பெயர் அந்தப் பாட்டில் ஏறிவிடும். பிறகு இந்த முதுகெலும்பு இல்லாத மனிதர் என்ன சொன்னால் என்ன?

உறுப்பினர் பெயர் மங்கையர்க்கரசி. ஐம்பது வயது, சிரித்தே பழக்கமில்லாத முகம். மூன்று பேரின் கைகளையும் ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து அழுத்தச் சொன்னார். ரதிநாதன் கை, டைட்டஸ் கை. பிறகு எஸ்தரைப் பார்த்தார்.

"என்னோடது எதுக்கு? நான் ரிப்பேர்தானே பண்ணேன்."

"அதுக்குத்தான். டெக்னீஷியன் கையைத் தனியா எடுத்துக் கழிச்சுடணும். இல்லன்னா அது வேற குழப்பும். விதி."

எஸ்தர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கையை வைத்தாள். பாட்டுக்கு நடுவில் தூசி மாதிரி, கழித்துக் கட்ட வேண்டிய கை. ரதிநாதன் புன்னகைத்தார்.

தேய்மான வாசிப்பான் என்பது பார்க்க ஒரு இட்லிப் பானை அளவுதான். பட்டைகளை உள்ளே வைத்தார்கள். அது இருபது நிமிடம் முனகியது. எந்தக் கட்டை எத்தனை முறை அழுந்தியது, எந்த விரல் அழுத்தியது, எந்த வருஷத்துத் தூசிக்கு மேல் அழுத்தியது என்று படலம் படலமாகப் பிரித்துத் திரையில் போட்டது. எந்தக் கட்டையில் எந்த விரல் என்று தெரிந்துவிட்டால் எது முன்னே எது பின்னே என்பதும் தெரிந்துவிடுமாம்.

"திரு. ரதிநாதன்," என்றார் மங்கையர்க்கரசி. "உங்க கை ஒரே ஒரு கட்டையில இருக்கு. நடுக் கட்டை. நாப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சிருக்கீங்க."

"அதெப்படி..."

"போட்டோ எடுக்கறப்போ அப்படித்தான் பிடிப்பாங்க. நிறைய பேருக்கு இப்படித்தான் வருது."

ரதிநாதன் எஸ்தரை நோக்கித் திரும்பினார். முகம் சிவந்தது. பத்து நாள் தேய்த்த பட்டை எங்கே என்று கேட்க வேண்டும்; கேட்டால் தேய்த்ததைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, கடைசியில் தண்ணீர் கேட்டார். எஸ்தர் அந்தக் காட்சியைப் பாயசம் மாதிரி பொறுமையாக அனுபவித்தாள்.

"திரு. டைட்டஸ். உங்க கை நிறைய இருக்கு. ‘ஈரக்குடை’ வரிசையும் இருக்கு."

எஸ்தர் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"ஆனா அது ரெண்டாவது படலம்," என்றார் மங்கையர்க்கரசி. திரையை ஒருமுறை பார்த்தார், பின்பு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதே எட்டுக் கட்டை, இதே வரிசை, இதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே அடியில இருக்கு. ஆயிரக்கணக்கான தடவை. மெதுவா. டெக்னீஷியன் கையைக் கழிச்சேன் பாருங்க..."

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் கீழ்ப் படலம் முழுவதும் வெள்ளையாகிப் போனது.

"உங்க கையைக் கழிச்சா பாட்டே இல்லம்மா," என்றார்.

ரதிநாதன்தான் முதலில் பேசினார். "இவங்களா? இவங்க ஸ்க்ரூ திருகற அம்மா." உண்மையிலேயே திகைத்துப்போயிருந்தார். எஸ்தர் அவரைத் திட்டவில்லை. அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அரைமணி இடைவேளை விட்டார்கள். நடைக்கூடத்தில் ஒரு மர பெஞ்சில் டைட்டஸ் டிபன் டப்பாவைத் திறந்து, லெமன் சாதத்தை இரண்டாகப் பிரித்தார். எஸ்தர் தொடவில்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"எப்படி வந்துச்சு அது?"

"ஒருநாள் நீ சுருதி சேர்த்துட்டுப் போனே. அது என் காதுலயே நின்னுச்சு. ரெக்கார்டிங்குக்கு நேரம் இருந்துச்சு, சும்மா வேகமா வாசிச்சுப் பார்த்தேன். அந்த ஆள் ஓடி வந்துட்டான். உன்கிட்ட சொல்லிட்டுத் தரலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள பாட்டு வந்துருச்சு."

"வந்தப்பவாவது சொல்றதுக்கென்ன?"

"அன்னிக்கு சொல்லத்தான் ரேடியோவையே போட்டேன். நீ காறித் துப்பினே."

எஸ்தர் எதிரே சுவரைப் பார்த்தாள். சுவரில் வாரியத்தின் விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. ஒரு எழுத்தும் புரியவில்லை.

"விழாவுல நான் போய்க் கத்தினேனே. அதுக்கு முன்னாடி தடுத்திருக்கலாமே நீ."

"நீ போனது எனக்குத் தெரியாது. மறுநாள் கதவு திறக்கலன்னப்போதான் தெரிஞ்சுது."

"என்னாலதான் உன் வேலை போச்சு."

"ஆமா," என்றார் டைட்டஸ்.

குற்றம் சாட்டவில்லை. வெறுமே ஆமா என்றார். முப்பத்திரண்டு வருஷம் இந்த மனிதரைக் கோழை, கோழை என்று மனசுக்குள்ளும் வெளியிலும் சொல்லிக்கொண்டே இவர் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டோமே என்று எஸ்தருக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர் ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னார். அது என் டியூன் இல்ல. அதற்குமேல் அவள் கேட்டதில்லை.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம் அண்ணா."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? ‘அது என் பாட்டு’ன்னு போய் நின்னிருப்பியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "அந்தக் குப்பை என்னோடதுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"அதான்," என்றார் டைட்டஸ். "சாப்பிடு."

இடைவேளை முடிந்ததும் ஒரு படிவம் தந்தார்கள். படைத்தவர் பெயர் என்று ஒரு கட்டம். எஸ்தர் டைட்டஸின் பெயரை எழுதலாமா என்று கேட்டாள். வாசித்த கையென்று வேண்டுமானால் போடலாம், படைத்த கையென்று போட முடியாது என்றார் மங்கையர்க்கரசி. அவள் எழுதாவிட்டால் பாட்டு பொதுத் தொட்டிக்குப் போகும், வாசித்தவர் பெயரும் கூடவே போகும். டைட்டஸின் பெயர் எங்கேயாவது நிற்க வேண்டுமென்றால் அதற்கு மேலே அவள் பெயர் இருந்தாக வேண்டும். எஸ்தர் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

"கடைசியா ஒண்ணு. இதே வாத்தியத்துல ஒருதடவை வாசிச்சுக் காட்டணும். ஒலிப்பதிவு பண்ணிப்போம். இனிமே இதுதான் மூலப் பிரதி."

பட்டைகளைத் திரும்பப் பொருத்தி, விசையைத் தட்டி, எஸ்தர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ரதிநாதன் போயிருந்தார். டைட்டஸ் சுவரோர நாற்காலியில் இருந்தார். அவள் முதல் கட்டையைத் தொட்டதும் எழுந்து போய்விடுவார் என்று பழக்கத்தில் காத்திருந்தாள். அவர் எழவில்லை.

விரல்கள் தாமாகப் போயின. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சுருதியை விட்டுவிட்டுச் சுரத்தைக் கேட்டாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் ஏதோ ஒன்று திரும்பி வீட்டை நோக்கி நடந்தது. அது நன்றாக இருந்தது. அய்யோ, இது நன்றாக அல்லவா இருக்கிறது. மேசைக்குப் பின்னால் மங்கையர்க்கரசி தன்னை அறியாமல் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். வாயை மூடு என்று சொல்லத் தோன்றவில்லை. நான்கு. ஐந்து.

ஆறாவதில் மங்கையர்க்கரசியின் குரல் லேசாகக் கீழே இறங்கியது, முப்பத்திரண்டு வருஷமாக எல்லாருக்கும் இறங்கிப் பழகிய இடத்தில். இயந்திரம் இறங்கவில்லை. கம்பு மாதிரி நேராக நின்றது. இரண்டும் மோதிக்கொண்டன. அவர் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்.

எஸ்தர் ஏழையும் எட்டையும் அழுத்தினாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். ஆறாவது கட்டையில் விரலை எடுக்காமல் வைத்திருந்தாள், சூடேறினால் இறங்குமோ என்று. இறங்கவில்லை. அவ்வளவு நல்ல வேலை அது.

"இதுதான் அந்தப் பாட்டா?" என்றார் மங்கையர்க்கரசி சந்தேகமாக. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. என்னவோ ஒண்ணு..."

எஸ்தர் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் டிபன் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறாவதை மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"பழசு?"

"நசுக்கிட்டேன்."

டைட்டஸ் மூடியைப் போட்டு டப்பாவை மூடினார்.

"நல்லா பண்ணியிருக்கே," என்றார். "சுத்தமா நிக்குது."